ஒரே பிள்ளை: சீன நாட்டில் ஒரு சட்டமும் அதன் பின் வந்தவையும்



அண்மையில் என் வகுப்பில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். “சார், சீனாவிலே ஆள் குறையுதாமே? அங்கேதானே ரொம்ப ஆள் இருக்காங்க?” என்றாள். வகுப்பு சிரித்தது. கேள்வி என்னவோ சிரிக்கக்கூடிய கேள்வி அன்று. அதற்கு ஐந்து நிமிடத்தில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. அந்த விடையைத்தான் இன்று சற்று விரிவாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் பிறந்தது 1980ஆம் ஆண்டு. என் தாய்க்கு நான் ஐந்தாவது பிள்ளை. லயன் வீட்டின் ஒரே அறையில் மூத்தவர்கள் நால்வரோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன். அதே 1980இல், செப்டம்பர் 25ஆம் நாள், சீனக் கம்யூனிஸ்டுக் கட்சி தன் உறுப்பினர்களுக்கும் இளைஞர் அணியினருக்கும் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதிற்று. கணவன் மனைவி இருவரும் ஒரே ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். அந்த ஆண்டுக்குப் பின் ஒரு சீன நகரத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறக்க எனக்கு இடமே இருந்திராது.

இந்த முடிவுக்கு அந்நாடு எப்படி வந்தது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

1949இல் மா சே துங் தலைமையில் மக்கள் சீனக் குடியரசு அமைந்தபோது அங்கே சுமார் 54 கோடி மக்கள் இருந்தார்கள். மக்கள் பெருகுவது நாட்டுக்குப் பலம் என்பதே அன்றைய தலைமையின் எண்ணம். வாய் ஒன்று என்றால் கை இரண்டு அல்லவா என்று வாதிட்டார்கள். போர் ஓய்ந்தது, கொள்ளை நோய்கள் குறைந்தன, மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றார்கள், பிறந்த குழந்தைகள் சாகாமல் பிழைத்தன. 1953இல் எடுத்த முதல் குடிமதிப்பில் சீனப் பெருநிலத்தின் தொகை 58 கோடி என்று தெரிந்தது.

அந்தக் கணக்கைக் கண்டு கவலைப்பட்ட மனிதர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் மா யின்சூ. பெக்கிங் பல்கலைக்கழகத்தின் தலைவர், அமெரிக்காவில் படித்த பொருளாதார அறிஞர். 1957இல் தம் 75ஆம் வயதில் ‘புதிய மக்கள்தொகைக் கொள்கை’ என்ற கட்டுரையை வெளியிட்டார். மக்கள் இதே வேகத்தில் பெருகினால் விளைச்சலெல்லாம் வயிற்றுக்கே போய்விடும். தொழிற்சாலை கட்டவும் பள்ளி கட்டவும் மிச்சம் இராது என்றார். அவர் சொன்ன வழி என்ன தெரியுமா? மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். காலந்தாழ்த்தித் திருமணம் செய்யச் சொல்லுங்கள். கருத்தடைச் சாதனங்களைப் பரப்புங்கள். இரண்டு பிள்ளைகளோடு நிறுத்துவோருக்குப் பரிசு கொடுங்கள், அதற்கு மேற்பட்டால் வரி போடுங்கள். கருக்கலைப்பை அவர் எதிர்த்தார்.

கிழவர் சொல் எடுபடவில்லை. அவரைத் தூற்றிப் பத்திரிகைகளில் கட்டுரை கட்டுரையாக வந்தது. 1960இல் பதவியை விட்டு விலகினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாய்ப்பூட்டு. 1979இல்தான் அவர்மீதிருந்த பழியை அரசாங்கம் நீக்கிற்று. அப்பொழுது அவருக்கு வயது 97. 1982 மே மாதத்தில் அவர் காலமானார். அதே ஆண்டு ஜூலை மாதம் எடுத்த குடிமதிப்பில் தொகை 100 கோடியைத் தாண்டியது தெரிந்தது. ‘ஒருவரைத் தவறாகத் தூற்றினோம், முப்பது கோடி பேர் கூடிவிட்டார்கள்’ என்று சீனர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் ஒன்று. அவர் பெயரைச் சொல்லிப் பின்னாளில் கொண்டுவந்த சட்டம் அவர் கேட்ட சட்டம் அன்று. அவர் இரண்டு என்றார். இவர்கள் ஒன்று என்றார்கள். அவர் எடுத்துச் சொல்லுங்கள் என்றார். இவர்கள் ஆளையே பிடித்து இழுத்தார்கள்.

இடையில் நடந்த கொடுமையையும் சொல்லாமல் போக முடியாது. 1958இல் ‘மாபெரும் முன்னேற்றப் பாய்ச்சல்’ என்ற திட்டம் வந்தது. உழவர்கள் வயலை விட்டு வீட்டு முற்றத்தில் இரும்பு உருக்கினார்கள். விளையாத நெல்லை விளைந்ததாகக் கணக்கு எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்கள். 1959 முதல் 1961 வரை பஞ்சம். இறந்தவர் தொகையை ஒன்றரைக் கோடி என்பாரும் உண்டு, நான்கு கோடிக்கு மேல் என்பாரும் உண்டு. பஞ்சம் தீர்ந்ததும் 1962 முதல் பிறப்புகள் வெள்ளமாகப் பெருகின. அப்பொழுது பிறந்த பிள்ளைகள் 1980இல் கல்யாண வயதை நெருங்கினார்கள். நாட்டு மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 30 வயதுக்குக் கீழ். ஆட்சியாளர்களின் அச்சத்துக்குக் காரணம் இதுதான்.

இதற்குள் வேறொன்று நடந்துவிட்டதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 1970களின் தொடக்கத்திலேயே குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கம் தொடங்கிவிட்டது. தாமதம், இடைவெளி, குறைவு என்ற மூன்று சொற்கள் அதன் முழக்கம். தாமதமாக மணம் செய், இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் சில ஆண்டு இடைவெளி விடு, இரண்டோடு நிறுத்து. கிராமந்தோறும் இருந்த ‘வெறுங்கால் வைத்தியர்கள்’ கருத்தடைச் சாதனங்களை இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தக் காலத்திலும் வற்புறுத்தல் இல்லாமல் இல்லை. ஆனால் பலனைப் பாருங்கள்: 1970இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறு பிள்ளைகள் என்ற நிலை, 1979இல் மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. ஒரே பிள்ளைச் சட்டம் வருவதற்கு முன்பே வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது! சட்டத்தால் 40 கோடிப் பிறப்புகள் தடுக்கப்பட்டதாக அரசாங்கம் பிற்காலத்தில் பெருமையாகச் சொன்னது. மக்கள்தொகை ஆய்வாளர் பலர் அதை ஒப்புக்கொள்வதில்லை. தாய்லாந்திலும் தென்கொரியாவிலும் இப்படி ஒரு சட்டம் இல்லாமலேயே பிறப்பு குறைந்ததை அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

பிறகு ஏன் ஒன்று என்று நிறுத்தினார்கள்? 2000ஆம் ஆண்டில் தொகை 120 கோடிக்குள் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்துவிட்டார்கள். ஏவுகணைத் துறையில் பணியாற்றிய சொங் ஜியான் என்ற விஞ்ஞானி கணினியில் கணக்குப் போட்டு, ஒரு பிள்ளையோடு நிறுத்தினால்தான் உண்டு என்று காட்டினார். ஏவுகணை போகும் பாதையைக் கணிப்பது போலக் குடும்பங்கள் போகும் பாதையைக் கணித்தார்கள். அந்தப் பகிரங்கக் கடிதத்திலேயே, முப்பது ஆண்டுகளில் நெருக்கடி தணிந்தால் வேறு கொள்கையை மேற்கொள்ளலாம் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரி மறந்துபோயிற்று.

சட்டம் நகரத்தில் ஒரு விதமாகவும் கிராமத்தில் ஒரு விதமாகவும் நடந்தது. நகரத்தில் வேலை, வீடு, மருத்துவம் எல்லாம் ஒரே தொழிற்சாலை அல்லது அலுவலகத்தின் கையில் இருந்தன. கர்ப்பம் தரிக்கும் முன்பே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எந்தப் பெண்ணுக்கு எப்பொழுது மாதவிலக்கு என்பதையும் குறித்து வைத்த இடங்கள் உண்டு. ஒன்றோடு நிறுத்துவதாக எழுதிக் கொடுத்தவருக்குச் சான்றிதழும் மாதம் சிறு தொகையும் கிடைக்கும். மீறினால் சம்பளத்தில் பிடிப்பு, பதவி இறக்கம், சிலருக்கு வேலையே போயிற்று. நகரத்தார் பெரும்பாலோர் பணிந்தார்கள்.

கிராமத்தான் பணியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. சரியாக அதே ஆண்டுகளில் கூட்டுப் பண்ணைகள் கலைக்கப்பட்டு நிலம் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. நிலம் கைக்கு வந்தால் உழைக்க ஆள் வேண்டாமா? கிராமத்து முதியவருக்கு ஓய்வூதியம் கிடையாது. மகள் கல்யாணமாகி இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவாள். வயதான காலத்தில் கஞ்சி ஊற்ற மகன் ஒருவன் வேண்டும். ஒரு கையால் நிலத்தைக் கொடுத்த அரசாங்கம் மறு கையால் மகனைப் பறித்தது.

1983இல் அரசாங்கம் கையை ஓங்கிற்று. அந்த ஓர் ஆண்டில் மட்டும் இரண்டு கோடிக்கும் அதிகமானோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மறுத்தவர் வீட்டில் பன்றியை ஓட்டிப் போனார்கள், தானியத்தை அள்ளிப் போனார்கள், கூரை ஓட்டைப் பிரித்தார்கள். மாதம் முற்றிய கர்ப்பிணிகளையும் இழுத்துப் போய்க் கருவைக் கலைத்தார்கள். அந்த ஆண்டுதான் ஐக்கிய நாடுகள் சபை முதன்முதலாக மக்கள்தொகை விருது வழங்கிற்று. பெற்றவர் இருவர். ஒருவர் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார். மற்றவர் சீனக் குடும்பக் கட்டுப்பாட்டு அமைச்சர் சியன் சின்சொங். கிராமங்களில் கொதிப்பு மிகுந்ததால் 1984இல் அரசாங்கம் சற்று இறங்கி வந்தது. முதல் பிள்ளை பெண்ணாகப் பிறந்தால் கிராமத்தார் இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்ற சலுகை பல மாநிலங்களுக்குப் பரவிற்று. சிறுபான்மை இனத்தாருக்கும் விதி தளர்வாகவே இருந்தது. சீனாவில் எல்லாருக்கும் ஒரே பிள்ளைதான் என்று நம்மில் பலர் எண்ணுவது சரியன்று.

அந்தச் சலுகையின் பொருளை எண்ணிப் பாருங்கள். முதல் பிள்ளை பெண் என்றால் உனக்கு இன்னும் பிள்ளையே பிறக்கவில்லை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது போலல்லவா ஆயிற்று?

சீனக் கிராமங்களில் பெண்களுக்கு ‘ஜாவ்தி’ என்று ஒரு பெயர் உண்டு. ‘தம்பியை அழைத்து வா’ என்று பொருள். ‘லாய்தி’ என்றால் ‘தம்பி வரட்டும்’. நம் பாட்டிமார் காலத்தில் ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைத்தார்களே, அதன் உறவுதான் இது. முன்பெல்லாம் தம்பி வரும்வரை பெற்றுக்கொண்டே போனார்கள். இப்பொழுது இரண்டாவதோடு கதவு அடைக்கப்பட்டுவிடும். அந்த நேரம் பார்த்து, வயிற்றிலிருக்கும் குழந்தையைப் படமெடுத்துக் காட்டும் ஸ்கேன் கருவி ஊர் ஊராக வந்து சேர்ந்தது. பெண் என்று தெரிந்தால் கலைத்தார்கள். இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்கு 105 அல்லது 106 ஆண் குழந்தைகள் பிறக்கும். சீனாவில் 1982இல் அது 108 ஆயிற்று; 1990இல் 111; 2004இல் 121.

பிறந்த பெண்களில் சிலர் சந்தையடியிலும் அனாதை விடுதி வாசலிலும் விடப்பட்டார்கள். 1992 முதல் வெளிநாட்டார் தத்தெடுக்க வழி திறந்தது. சுமார் 1,60,000 பிள்ளைகள் அப்படிக் கடல் கடந்து போனார்கள். அதில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு. பெரும்பாலும் பெண் பிள்ளைகள். 2024 செப்டம்பரில்தான் அந்த வழி மூடப்பட்டது.

இன்னும் சிலர் மறைத்து வளர்க்கப்பட்டார்கள். பாட்டி வீட்டில், மாமன் வீட்டில், வேறூரில். 1990ஆம் ஆண்டு சீனப் புத்தாண்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு நகைச்சுவை நாடகம் காட்டினார்கள். மூன்று பெண்களுக்குப் பிறகு நான்காவது கர்ப்பத்தோடு ஒரு தம்பதி அதிகாரிகளுக்குப் பயந்து ஊர் ஊராக ஓடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பிறந்த இடத்தின் பெயர்: ஒருத்தி ஹைனான் தீவு, ஒருத்தி துர்ஃபான், ஒருத்தி ஷாவ்லின் கோயில்! நாடு முழுதும் சிரித்தது. ஆனால் குடும்பப் பதிவேட்டில் பெயரில்லாத பிள்ளையின் பிழைப்பு சிரிப்புக்குரியதன்று. பதிவு இல்லையேல் பள்ளி இல்லை, மருத்துவச் சலுகை இல்லை, பிற்காலத்தில் முறையான வேலை இல்லை. 2010 குடிமதிப்பின்படி அப்படிப் பதிவில்லாதவர் சுமார் 1 கோடியே 30 லட்சம் பேர். அவர்கள் எல்லாரும் சட்டத்தை மீறிப் பிறந்தவர்கள் அல்லர் என்றாலும் பலர் அப்படிப்பட்டவர்களே. 2016ஆம் ஆண்டு தொடங்கும் தறுவாயில்தான் எல்லாருக்கும் பதிவு கொடுக்க அரசாங்கம் முடிவு செய்தது.

பணம் உள்ளவர்களுக்கு வழி வேறு. அபராதம் கட்டிவிட்டுப் பெற்றுக்கொண்டார்கள். மூன்று பிள்ளைகளுக்குத் தந்தையான புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர் ஜாங் யீமோவுக்கு 2014இல் விதிக்கப்பட்ட தொகை 74 லட்சத்து 80 ஆயிரம் யுவான். ஏழைக்கு ஒரு வருட வரும்படியே அபராதமாகப் போய்விடும். இப்படி வசூலான பணம் உள்ளூர் நிர்வாகங்களுக்கு நல்ல வருமானமாக இருந்ததையும் மறக்கக்கூடாது.

இனி, அந்த ஒற்றைப் பிள்ளையின் வீட்டுக்குள் போவோம். நான் மொழி கற்பிக்கும் ஆசிரியன். ஆகவே சொற்களிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் ‘பிரதர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நமக்கு அண்ணன் வேறு, தம்பி வேறு. சீனர்களுக்கும் அப்படியே: அண்ணன் ‘கெக’, தம்பி ‘தீதி’, அக்காள் ‘ஜியெஜியெ’, தங்கை ‘மெய்மெய்’. தாயின் உடன்பிறந்தான் ‘ஜியூஜியூ’, நம் தாய்மாமன். தந்தையின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல். ஒற்றைப் பிள்ளைக்கு அண்ணன் தம்பி இல்லை. அவனும் இன்னொரு ஒற்றைப் பிள்ளையை மணந்தால் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்குத் தாய்மாமன் இல்லை, அத்தை இல்லை, சித்தப்பா பெரியப்பா இல்லை, அவர்கள் பிள்ளைகளும் இல்லை. பாடப் புத்தகத்தில் சொல் இருக்கிறது, கூப்பிட ஆள் இல்லை. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக முன்னோர் வழிபாட்டையும் குடும்ப வரிசையையும் உயிராகக் கருதிய ஒரு சமுதாயத்தில் இது நடந்தது என்பதை எண்ணுங்கள்.

தாத்தா பாட்டி நால்வர், பெற்றோர் இருவர், பிள்ளை ஒன்று. அறுவரின் ஆசையும் பணமும் ஒரே பிள்ளைமேல் கொட்டின. ‘குட்டிச் சக்கரவர்த்திகள்’ என்று பத்திரிகைகள் அப்பிள்ளைகளைக் கேலி செய்தன. கேலியில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. சக்கரவர்த்தி வளர்ந்தபின் அதே ஏணி தலைகீழாகிவிடும். இப்பொழுது அவன் அறுவரைத் தாங்க வேண்டும்.

நன்மையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, சொல்லத்தான் வேண்டும். நகரத்துப் பெண் பிள்ளைகள் முன்னேறினார்கள். தம்பி இல்லாத வீட்டில் தம்பிக்காகப் படிப்பை நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. பெற்றோர் மகனுக்குச் செய்வதையெல்லாம் மகளுக்குச் செய்தார்கள். பல்கலைக்கழகங்களில் பெண்கள் நிறைந்தார்கள். கிராமத்தில் பெண்ணைப் பிறக்கவிடாமல் தடுத்த அதே சட்டம் நகரத்தில் பெண்ணைப் படிக்க வைத்தது.

ஆனால் அந்த ஒரு பிள்ளையும் போய்விட்டால்? 2008 மே 12ஆம் நாள் சிச்சுவான் மாநிலத்தில் பூமி அதிர்ந்தது. பிற்பகல் நேரம்; பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். பல பள்ளிக் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. இறந்த பிள்ளைகளில் பலர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. இடிபாட்டின் முன் பிள்ளையின் புகைப்படத்தைப் பிடித்து நின்ற பெற்றோரை உலகம் கண்டது. அரசாங்கம் அவர்களுக்கு இன்னொரு பிள்ளை பெற அனுமதி தந்தது. முன்பு செய்த கருத்தடையை மாற்றும் அறுவைக்கும் உதவிற்று. நாற்பதைத் தாண்டிய தாய்மாருக்கு அந்த அனுமதி என்ன செய்யும்? பிள்ளையை இழந்த இத்தகையோரைச் ‘ஷீது’ குடும்பங்கள் என்று சீனத்தில் அழைக்கிறார்கள். ஒரே பிள்ளையை இழந்தவர் என்று பொருள்.

இத்தனையும் தேவைதானா என்பதற்கு அந்நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. ஷான்ஸி மாநிலத்தில் யீசெங் என்றொரு மாவட்டம். லியாங் ஜொங்தாங் என்ற ஆய்வாளரின் யோசனைப்படி 1985 முதல் அங்கே சோதனையாக இரண்டு பிள்ளைகளை அனுமதித்தார்கள். கொஞ்சம் பிந்தி மணம் செய்ய வேண்டும், இரண்டாவதற்குப் போதிய இடைவெளி விட வேண்டும், அவ்வளவே நிபந்தனை. ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தால் அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை வளர்ச்சி நாட்டின் சராசரியைவிடக் குறைவு! ஆண் பெண் விகிதமும் மற்ற இடங்களைப் போல் கோணிப் போகவில்லை. இரண்டு பெறலாம் என்று விட்டபோதும் பலர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்தச் சோதனையின் முடிவு வெகு காலம் பரவலாகப் பேசப்படவில்லை.

கடைசியில் ஆட்சியாளர்கள் கணக்கைத் திருப்பிப் பார்த்தார்கள். 2013இல் கணவன் மனைவி இருவரில் ஒருவர் ஒற்றைப் பிள்ளையாக இருந்தால் இரண்டு பெறலாம் என்றார்கள். 2016 ஜனவரி முதல் நாள் தொட்டு எல்லாருக்கும் இரண்டு. 2021 மே மாதம் மூன்று. 2025இல் மூன்று வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 3,600 யுவான் உதவித்தொகை அறிவித்தார்கள். முன்பு சுவரெல்லாம் ‘ஒன்று போதும்’ என்று எழுதிய கை இப்பொழுது இன்னும் பெறுங்கள் என்று எழுதுகிறது.

பிறந்தார்களா? 2016இல் 1 கோடியே 78 லட்சம் குழந்தைகள். 2020இல் 1 கோடியே 20 லட்சம். 2023இல் 90 லட்சம். 2022இல் பிறந்தவரைவிட இறந்தவர் மிகுந்து, பஞ்ச காலத்துக்குப் பின் முதன்முறையாக நாட்டின் தொகை இறங்கிற்று. 2023இல் இந்தியா சீனாவை முந்தி உலகிலேயே மக்கள் மிகுந்த நாடாயிற்று. என் மாணவி கேட்ட செய்தி இதுதான்.

ஏன் பெறவில்லை? வீட்டு விலை மலைபோல் இருக்கிறது. பிள்ளையைப் படிக்க வைக்கும் போட்டி பெற்றோரைப் பிழிகிறது. கர்ப்பமானால் பெண்ணுக்கு வேலை கிடைப்பது கடினம். ஒற்றைப் பிள்ளையாகவே வளர்ந்தவர்களுக்கு ஒன்று என்பது பழகிப்போன அளவு. இவற்றுக்கும் மேலே ஒரு காரணம் உண்டு. 1990களிலும் 2000த்திலும் பிறக்காமல் போன பெண்கள் இன்று தாயாகியிருக்க வேண்டியவர்கள். 2020 குடிமதிப்பில் ஆண்கள் பெண்களைவிட 3 கோடியே 49 லட்சம் பேர் அதிகம். ஏழைக் கிராமத்து ஆண்களுக்குப் பெண் கிடைப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டார் கொடுக்க வேண்டிய பரிசப் பணம் ஏறிக்கொண்டே போகிறது. வியட்நாமிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் பெண்களைக் கடத்தி விற்கும் கொடுமையும் நடக்கிறது. 2013இல் 1 கோடியே 34 லட்சமாக இருந்த திருமணப் பதிவு 2024இல் 61 லட்சமாயிற்று.

பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரும் 1972இல் ‘இரண்டே போதும்’ என்றது. 1987இல் ‘வசதியிருந்தால் மூன்று பெறுங்கள்’ என்று மாற்றிச் சொன்னது. 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி ஒரு பிள்ளைகூட இல்லை. கட்டாயம் இல்லாத இடத்திலேயே இந்த நிலை. இறங்கிய படியில் மறுபடி ஏறுவது எந்த அரசாங்கத்துக்கும் எளிதாக இல்லை.

சீனாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 2020இல் 26 கோடி. 2025 முதல் ஓய்வு பெறும் வயதைச் சிறிது சிறிதாக உயர்த்தி வருகிறார்கள். பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும் கிராணியார் வந்த கைகளை எண்ணுவார். 1980இல் வாயை மட்டும் எண்ணியவர்கள் இப்பொழுது கைகளைத் தேடுகிறார்கள்.

ஆசிரியன் என்பதால் ஒரு செய்தி என் மனத்தில் தங்கிவிட்டது. ஆள் குறைந்த பள்ளி எப்படி இருக்கும் என்பது தோட்டத்துப் பள்ளியில் வேலை செய்யும் எங்களுக்குத் தெரியும். 2023ஆம் ஆண்டில் மட்டும் சீனாவில் 14,808 பாலர் பள்ளிகள் குறைந்தன. அடுத்த ஆண்டு இன்னும் இருபதாயிரத்துக்கு மேல். சில ஊர்களில் அந்தக் கட்டடங்களை முதியோர் பகல் நேரத்தில் தங்கும் இல்லங்களாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே முன்பு பிள்ளைகளுக்குப் பாட்டும் கைவேலையும் சொல்லிக் கொடுத்த ஆசிரியைகளில் சிலர் வேலையை விடவில்லை. அதே அறையில், அதே நேரத்தில், இப்பொழுது பாட்டன் பாட்டிமாருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.